வள்ளிக்கண்ணுக்கு வைத்த வெள்ளிக் கம்பி

போன மாதம் எனக்கு ஆபரேஷன் நடந்தது. அடிவயிற்றில் குடலிறக்கம். முந்தின நாள் சாயங்காலம், ஆபரேஷன் செய்யப்போகிற சின்ன டாக்டர் என் கட்டில் பக்கம் வந்து நின்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். கண்ணாடித் தாளுக்குள்ளே கொசுவலைத் துண்டு மாதிரி ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"ஐயா, இந்த வலையத்தான் உள்ள வச்சுத் தைக்கப் போறோம். கையில வாங்கிப் பாருங்க."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "வேண்டாங்க டாக்டர். காட்டாதீங்க. வச்சுத் தச்சிருங்க" என்றேன்.

பெரியவர் பயப்படுகிறார் என்று நினைத்துவிட்டார். "வலிக்காதுங்கய்யா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கா பயம்? திறந்த வயிற்றுக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் வீட்டில் என்ன குழம்பாக இருக்கும் என்று யோசித்தவன் நான்.

நான் யார் என்று வார்டு சிஸ்டர் சொல்லி அவருக்குப் பிறகு தெரிந்திருக்கிறது. தையல் பிரித்த அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். அடிதள்ளல் வியாதிக்கும் இப்போது இதே மாதிரி வலைதானாம். வயிற்றில் துளை போட்டு, குழாய் விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே, சரிந்து வருகிற குடலைத் தூக்கி முதுகெலும்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்களாம். "ஒங்க காலத்துல என்னங்கய்யா செஞ்சீங்க? நம்ம ஊழியர் சங்க மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். அந்த வலையை நான் ஏன் பார்க்க மாட்டேன் என்றேன் என்பதும் இதிலேயே வந்துவிடும்.

முதலில் என்னைப் பற்றி. நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்? ஆவூர்ப் பக்கம் ஆடு மேய்த்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம், புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வராந்தா கழுவ ஆள் எடுத்தார்கள். போய் நின்றேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்ல ஒரு மனுஷன் கிடையாது. வராந்தா கழுவினேன், வாளி தூக்கினேன், பிணம் தள்ளினேன். ஒருநாள் ஆபரேஷன் தியேட்டர் ஆள் வரவில்லை. கொதிக்கிற தண்ணீரிலிருந்து கத்திகளை இடுக்கியால் எடுத்து அடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு உள்ளே போனவன், ரிடையர் ஆனபோதுதான் வெளியே வந்தேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆர்ட்டரி, ரிட்ராக்டர், ஸ்பைனல், கேட்கட் எல்லாம் காதாலேயே படித்தேன். ஆலங்குடியிலிருந்து மீமிசல் வரைக்கும் 'தியேட்டர்காரர்' என்றால் நான்தான். சினிமாத் தியேட்டர் என்று நினைத்து என்னிடம் டிக்கெட் கேட்டவர்களும் உண்டு. கல்வீடு கட்டினேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஒருத்தன் என்ஜினீயர். இப்படிப் பெருமையடிக்க எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் பழசை நினைத்து உட்கார்ந்தால் வந்து நிற்பது ஒரே ஒரு பொம்பளைதான். அவள் பெயர் வள்ளிக்கண்ணு.

அதற்கு முன்னால் எங்கள் சர்ஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியய்யா என்போம். ஒல்லி, நெட்டை. சைக்கிளில் வருவார். செருப்பை வாசலில் விட்டால், கத்தியை வைக்கும் வரை வேண்டாத ஒரு பேச்சு கிடையாது. பிரஷை எடுத்து நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை தேய்ப்பார். தேய்க்கும்போது யாராவது பேசினால் நிறுத்திவிட்டு மறுபடி நகத்திலிருந்து ஆரம்பிப்பார். அதனால் ஒருத்தரும் பேசமாட்டோம். கோபம் வந்தால் திட்டத் தெரியாது. கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே நிற்கிற வேப்பமரத்தைப் பார்ப்பார். எது தப்பு என்று நாங்களே கண்டுபிடித்துச் சரிபண்ணுகிற வரைக்கும் பார்ப்பார். அதற்குப் பதில் இரண்டு அறை விடலாம்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த டாக்டரிடமும் நான் பார்த்ததில்லை. நோயாளியின் உடம்புக்குள் தங்கப்போகிற சாமான் எதுவானாலும், எலும்புக்குப் போடுகிற ஆணியோ தகடோ, முதல் நாளே அதை நோயாளியின் கையில் கொடுத்துவிடுவார். "நாளைக்கு இது ஒங்க ஒடம்புக்குள்ள இருக்கும். என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியணும்ல?" என்பார். அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். அப்புறம் அதைக் கழுவிக் கொதிக்க வைப்பது என் வேலை.

"எதுக்குங்க சார் இதெல்லாம்? பயந்துக்கிறாங்க" என்று சிஸ்டர் ஒருமுறை கேட்டார்.

"தெரியாம வச்சுட்டு வர நாம என்ன களவாணிங்களா?" என்றார். அதோடு சரி.

இனி வியாதி. மலம் இருக்கப் போனால் ஆசனவாய் வழியாகக் குடலே வெளியே சரிந்து வருவதுதான் அடிதள்ளல். சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் புட்டத்தைச் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டினாலே அநேகமாகச் சரியாகிவிடும். பெரியவர்களுக்கு முற்றிவிட்டால், குந்தினாலும் இருமினாலும் ஒரு சாண் குடல் சிவப்பாக வெளியே தொங்கும். கையால் தள்ளினால் உள்ளே போகும், எழுந்தால் மறுபடி வரும். புண்ணாகும். ரத்தமும் சளியும் துணியை நனைத்துக்கொண்டே இருக்கும். சீக்கிரத்தில் சாகவும் மாட்டார்கள். வீட்டில் எல்லாரோடும் இருக்கவும் முடியாது.

இதற்கு இரண்டு வழி என்று பெரியய்யா சொல்வார். பெரிய வழி, வயிற்றைத் திறந்து குடலைத் தூக்கிக் கட்டுவது. அதற்கு ரத்தம் வேண்டும், நல்ல மயக்க மருந்து வேண்டும், தாங்குகிற உடம்பு வேண்டும். சின்ன வழி, ஆசனவாயைச் சுற்றித் தோலுக்கு அடியில் ஒரு வெள்ளிக் கம்பியை வளையமாக ஓட்டி முறுக்கிவிடுவது. சுருக்குப் பையின் வாய் மாதிரி. மலம் போகும், குடல் வராது. கம்பி உள்ளேயே காலத்துக்கும் இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தது சின்ன வழிதான்.

நான் பார்த்த முதல் ஆள் மீமிசல் கடற்கரைக் கிழவர் ஒருத்தர். ஆபரேஷனுக்கு முன்னால் இடுப்பில் கயிறு, கம்பி எதுவும் இருக்கக்கூடாது. நான் கத்தரிக்கோலோடு அரைஞாண் கயிற்றைத் தொட்டதும் மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார்.

"ஏலே, நா இன்னும் சாகலடா! அரணாக்கொடிய அறுக்கிறதுக்கு எம் மகன் இருக்கான், சுடுகாடு இருக்கு. நீ யாரு?"

ஆம்பளைக்கு அதை அறுப்பது செத்த பிறகுதான். ஆஸ்பத்திரிக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். "அறுக்கலங்க பெரியவரே. இது பாட்டுக்கு மேல ஏறிக்கிரட்டும்" என்று முடிச்சைத் தளர்த்தி, கயிற்றை நெஞ்சுவரை ஏற்றி, துணி சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டினேன். அதற்கப்புறம் நான் இருந்தவரை அந்தத் தியேட்டரில் ஒரு ஆம்பளை அரைஞாணும் அறுபடவில்லை. இதைச் செய்ய யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பெரியய்யா பார்த்தார், கை தேய்க்கப் போனார். அவர் வேப்பமரத்தைப் பார்க்காவிட்டால் அது பாராட்டு.

அந்தக் கிழவரிடமும் முதல் நாள் கம்பியைக் காட்டியிருந்தார். கிழவர் அதை வளைத்து, இழுத்து, பல்லில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"சொறா மீனு இழுத்தாத் தாங்குமாய்யா?"

"சொறா வேணாம். நீங்க முக்காம இருந்தாப் போதும்" என்றார் பெரியய்யா. வார்டே சிரித்தது. கிழவர் நல்லபடியாகப் போய், மறுபடி ஒருநாள் கருவாட்டு மூட்டையோடு வந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கம்பி வேலை செய்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

வள்ளிக்கண்ணு, புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற வழியில் ஒரு ஊர்க்காரி. கடலைக் காட்டில் கூலி வேலை. களை எடுப்பது, செடி பிடுங்குவது எல்லாம் குந்தியபடியே. கடைசிப் பிள்ளை பிறந்து பத்தியம்கூட முடியாமல் காட்டுக்குப் போனவளுக்கு அங்கேயே முதல்முதல் குடல் தள்ளியிருக்கிறது. வெளியே சொல்லவில்லை. துணியை வைத்துக் கட்டிக்கொண்டு பல வருஷம் ஓட்டியிருக்கிறாள். வாடை வீட்டுக்குத் தெரிந்த பிறகு படுக்கையை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். சோற்றுப்பானையைத் தொடக்கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் மாமியார் கூப்பிட்டுக்கொள்வாள். புருஷன் கருப்பையா மட்டும் கொட்டகைக்குப் போய் வருவானாம். அவன்தான் கொண்டுவந்தான். மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் குப்புறப் போட்டு.

வந்தபோது குடல் வெளியே வந்து வீங்கி, உள்ளே தள்ள முடியாமல் கிடந்தது. பெரியய்யா பார்த்துவிட்டு, "சமையக்கட்டுல போயிச் சீனி வாங்கிட்டு வா" என்றார். வீங்கின குடல் மேல் சீனியை நிறையத் தூவி ஈரத்துணியால் மூடிவைத்தால் சீனி நீரை இழுக்கும், வீக்கம் வற்றும், அப்புறம் மெதுவாக உள்ளே தள்ளலாம். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கிண்ணத்தை நீட்டினேன். அந்த வலியிலும் அவள் சொன்னது காதில் விழுந்தது.

"ஏன் சிஸ்டரு, எங்க வீட்டுல காப்பிக்கே கருப்பட்டிதான். இதுக்குப் போயிச் சீனியா?"

கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். வீக்கம் வடிந்தது. ஒரு வாரம் கழித்துப் பெரியய்யா வெள்ளிக் கம்பியைக் கொண்டுபோய் அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்னங்கய்யா?"

"வெள்ளி. சுத்த வெள்ளி. இதத்தான் உள்ள சுத்திக் கட்டப் போறேன். காலத்துக்கும் உள்ளயே இருக்கும்."

அவள் கம்பியைப் பார்த்தாள், தன் கால்விரல் மெட்டியைப் பார்த்தாள். "இது அதவிடப் பளபளன்னு இருக்கே" என்றாள். கட்டிலோரம் நின்ற கருப்பையா, "ஒனக்கு யோகந்தான் போ. நா வாங்கித் தராதத அய்யா போட்டு விடுறாரு" என்றான். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஆபரேஷன் எனக்கு இன்றைக்கும் வரிசையாக வரும். முதுகில் ஸ்பைனல் ஊசி. கால் இரண்டையும் தூக்கிப் பட்டைக்குள் மாட்டிக் கட்டுவது நான். விளக்கைச் சாய்த்துப் பிடிப்பதும் நான். ஆசனவாய்க்கு முன்னால் ஒரு சின்ன வெட்டு, பின்னால் ஒன்று. வளைந்த பெரிய ஊசி பின்வெட்டு வழியாகப் போய், தோலுக்கு அடியில் பாதி வட்டம் சுற்றி, முன்வெட்டில் தலைகாட்டும். அதன் காதில் கம்பியைக் கோர்த்து இழுப்பார். மறுபக்கமும் அப்படியே. வளையம் முடிந்ததும், அளவுக்காகக் கூட நிற்கிற உதவி டாக்டரை உள்ளே விரல் வைக்கச் சொல்லி, முனை இரண்டையும் இடுக்கியால் முறுக்குவார். விரலைக் கவ்வ வேண்டும், ஆனால் விரல் தாராளமாக வெளியே வர வேண்டும். இறுக்கினால் மலம் அடைக்கும், தளர்ந்தால் குடல் வரும். ஒரு முறுக்கு, "இப்ப?" இன்னொரு அரை முறுக்கு, "இப்ப?" பிறகு முனையை மடக்கிப் புதைத்து, தோலைத் தைத்துவிடுவார். அவ்வளவுதான். பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும்.

அவள் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனாள். பாரஃபின் எண்ணெய் கொடுத்து, மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம். அறுவடை முடிந்து காட்ட வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. எண்ணெய் வைத்துச் சீவிப் பூ வைத்திருந்தாள். கையில் கடைசிப் பிள்ளையைப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, இப்ப நாந்தான் சோறாக்குறேன். வீட்டுக்குள்ளதான் படுக்கை. எம் மூத்த மக எம் மேல காலப் போட்டுக்கிட்டுத் தூங்குறா."

"மாமியார்?"

"அதுவா, எங் கையால வாங்கித் தின்னுட்டு உப்புப் பத்தலைங்குது."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க ஊருல காணி வச்சிருக்கவளுக்கே கொலுசு இல்லண்ணே. எனக்கு உள்ளயே வெள்ளி கெடக்குன்னு கெணத்தடியில சொன்னேன். 'எங்கடி, காட்டுடி'ங்கிறாளுக" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரியய்யாகூட உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். நல்லது நடந்த ஒரு மனுஷி நாலு பேரிடம் சொல்லாமல் எப்படி இருப்பாள்?

அடுத்த வருஷம் கருப்பையா மஞ்சள்காமாலையில் போய்விட்டான். எங்களுக்கு அது தெரிந்தது, அவள் மறுபடி வந்து நின்றபோதுதான். நெற்றியில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. காலைப் பார்த்தேன். மெட்டி கிடந்த விரலில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடல் மறுபடி வருதா?" என்று கேட்டார் பெரியய்யா.

மாமியார்தான் பதில் சொன்னாள். "அதெல்லாம் நல்லா இருக்குங்கய்யா. எம் மகன் போயிட்டான். இவ கழுத்துல கெடந்ததக் கழட்டியாச்சு, காலுல கெடந்ததக் கழட்டியாச்சு. உள்ள கெடக்கிறத நீங்கதான் கழட்டணும்."

பெரியய்யாவுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"அது நகை இல்லம்மா. கட்டு. புண்ணுக்குத் துணி கட்டுற மாதிரி."

"வெள்ளிதானய்யா? நீங்கதான கையில குடுத்துக் காட்டுனீங்க?"

"பல்லுல தங்கம் கட்டுறாங்க. புருசன் செத்தா அதப் புடுங்குறாங்களா?"

"தங்கப் பல்லு கட்டுனவுகள யாருங்கய்யா கேக்கப் போறா? எங்கள நாலு பேரு கேப்பாக. ஊருக்கே தெரியுமே, இவ வாயாலதான் சொன்னா. மெட்டி கழட்டுன பொம்பள வெள்ளியச் சுமந்துக்கிட்டு அடுப்படிக்கு வந்தா அந்த வீடு வெளங்குமா? எனக்கும் கழட்டுனாக. நா ஏன்னு கேட்டேனா?"

அந்தக் கிழவியை நான் திட்டி எழுதமாட்டேன். பெற்ற மகனைப் பறிகொடுத்து வந்து நிற்கிறாள். அவள் கேட்டதில் வஞ்சகம் இல்லை. அதுதான் எங்களுக்கு வழியில்லாமல் போனது. கெட்டவளாக இருந்தால் விரட்டியிருப்பேன்.

பெரியய்யா வள்ளிக்கண்ணைத் தனியாகக் கூப்பிட்டார். சிஸ்டரும் நானும் கூட இருந்தோம்.

"நீ சொல்லும்மா. எடுத்தாக் கொடல் திரும்பி வந்துரும். தெரியும்ல?"

"தெரியுங்கய்யா."

"அப்பறம்?"

"வெள்ளிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுல இருக்க முடியாது. வெள்ளி இல்லாம எந்த வீட்டுலயும் இருக்க முடியாது. நா என்ன செய்ய?" அவள் அழவில்லை. "நீங்க எடுக்கலேன்னா ஆசாரி கொறடு கொண்டு வாரேன்னு சொல்லியிருக்காரு. எம் மூத்தவளுக்குப் பேச்சு நடக்குது. எம்மால அது நின்னுறக் கூடாது. எடுத்துருங்கய்யா."

பெரியய்யா வேப்பமரத்தைப் பார்த்தார். அன்றைக்கு யாரும் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை. நாங்கள் சரிபண்ண ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெள்ளியல்லாத வேறு கம்பி எங்கள் ஸ்டோரில் அப்போது கிடையாது. தடித்த பட்டு நூல் இருந்தது. கம்பியை எடுத்துவிட்டு அந்தத் தடத்திலேயே நூலை ஓட்டுவது என்று முடிவு செய்தார். கை தேய்க்கும் இடத்தில் சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "சார், கம்பிய அப்படியே விட்டுட்டு எடுத்துட்டோம்னு சொல்லிறலாமே. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியய்யா பிரஷை நிறுத்தினார். "அவ கேட்டா?" என்றார். பிறகு மறுபடி நகத்திலிருந்து ஆரம்பித்தார்.

அந்த ஒரு பொய்யை அவர் சொல்லியிருக்கலாம். இத்தனை வயதாகியும் எனக்கு அது தீரவில்லை. அவர் எனக்குத் தெய்வம் மாதிரி. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

கம்பியை எடுப்பது வைப்பதைவிடச் சிரமமாக இருந்தது. சதை அதைத் தன்னுடையது என்று பிடித்து வைத்திருந்தது. முறுக்கைத் தேடிப் பிடித்து, வெட்டி, ஒரு பக்கமாக உருவினார். கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஒரு கீறல் இல்லை, ஒரு நெளிவு இல்லை. இன்னும் எத்தனையோ வருஷம் இருந்திருக்கும். நூலை ஓட்டிக் கட்டி, தைத்து முடித்தார்.

கதவைத் திறந்தால் வாசலில் மாமியார் நிற்கிறாள். கையில் ஒரு சொம்பு. எட்டிப் பார்த்தேன். பால். தாலி கழட்டினால் பாலில் போடுவார்கள் அல்லவா, அதற்காக எதிர்க் கடையில் வாங்கி வந்து, அவ்வளவு நேரமும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

நான் தட்டை வாங்கப் போனேன். பெரியய்யா கொடுக்கவில்லை. தானே இடுக்கியால் கம்பியை எடுத்து அந்தப் பாலுக்குள் போட்டார். பால் மேலே ஒரு சிவப்பு இழை ஓடிக் கலைந்தது.

"வேற எதுவும் வச்சிருக்கீகளாய்யா?"

"நூலு" என்றார். அதை அவளுக்குக் காட்டவில்லை.

நூல் கம்பி ஆகாது. மழைக்காலத்துக்குள் அது பழுத்துவிட்டது. சீழ் வடிய வடிய வந்தாள். வெட்டி எடுத்தோம். எடுத்த வாரமே குடல் பழையபடி தள்ளியது, முன்னைவிடப் பெரிதாக. மறுபடியும் ஏதாவது ஓட்டலாம் என்றால் புண்ணாகிப்போன சதை எதையும் தாங்காது. மதராஸுக்குப் போனால் பெரிய வழியில் செய்வார்கள் என்று பெரியய்யா எழுதித் தருவதாகச் சொன்னார். யார் கூட்டிக்கொண்டு போவது? யார் கூட இருப்பது? கொழுந்தன் ஒருத்தன் வந்திருந்தான். "கடலை போட்டிருக்குங்கய்யா, பாப்பம்" என்றான். அவன் பார்க்கப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போகும்போது அவள் என்னைத்தான் கேட்டாள்: "அண்ணே, அந்தச் சீனி கொஞ்சம் கெடைக்குமா? வீங்குனாப் போட்டுக்கிறேன்." சமையல்கட்டில் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக் கொடுத்தேன். ஆடு மேய்த்து இவ்வளவு தூரம் வந்த நான், அவளுக்கு என் கையால் செய்ய முடிந்தது அந்தப் பொட்டலம்தான்.

அதற்குப் பிறகு பெரியய்யா யாருக்கும் எதையும் காட்டுவதில்லை. ஆணி, தகடு, கம்பி எதுவானாலும் நேராக என் கைக்கு வரும், நான் கொதிக்க வைப்பேன், உள்ளே போய்விடும். "என்னங்கய்யா வைக்கப் போறீக?" என்று யாராவது கேட்டால், "மருந்து" என்பார். அவர் வாயில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் நான் தரையைப் பார்ப்பேன். கொஞ்ச காலத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். சொல்லிக்கொள்ளாமல் போனார்.

பிறகு ஒருமுறை ஆலங்குடிச் சந்தைக்கு, வீட்டுக்குக் கடலை வாங்கப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் நிழலில் குந்தியிருக்க, சுவரோரம் வெயிலில் ஒருத்தி தனியாக நின்றாள். இடுப்பைச் சுற்றித் துணி தடிமனாகக் கட்டியிருந்தது. அவளைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"தியேட்டரண்ணே, நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன் ஆத்தா. இங்கிட்டு எங்க?"

"மகளப் பாக்க வந்தேன். இந்த ஊருலதான் குடுத்திருக்கு. சந்தைக்கு வருவா. தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயிருவேன். அவுக வீட்டுக்கு நா போகக்கூடாதுல்ல."

"கல்யாணம் நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சாம்." மாட்டுக் கொட்டகையில் இருந்தபடியே மேளம் கேட்டேன் என்றாள். பிறகு அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு, கிணற்றடிச் சிரிப்பு, ஒரு நிமிஷம் வந்தது. "அந்தக் கம்பி இருந்துச்சுல்லண்ணே? எங்க மாமியா அதையும் எம் பழைய மெட்டியையும் ஆசாரிகிட்டக் குடுத்து உருக்கச் சொல்லிருச்சு. உருக்கிட்டா ஒரு தோசமும் இல்லையாம். எம் மகளுக்கு மெட்டி பண்ணிப் போட்டாக. இப்பத்தான் இங்கிட்டு நடந்து போனா. சத்தம் நல்லாக் கேட்டுச்சு."

நான் அவள் காலைப் பார்த்தேன்.

புதுக்கோட்டை பஸ் வந்தது, அவள் ஊர் வழியாகப் போவதுதான். "ஏறும்மா, ஏறு, உள்ள எடம் இருக்கு" என்று கண்டக்டர் அவளைப் பார்த்தும் கத்தினான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பஸ் திரும்புகிற வரை பார்த்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள்.